வான் கோ என்னும் குடும்பப் பெயர்: யாருக்குச் சொந்தம்?

தமிழில் இந்தப் பெயரை நாம் ஒரே வகையாக எழுதியதில்லை. வான்கா என்றெழுதியோர் உண்டு. வான்கோ என்றும், வான் கோ என்றும், வான் காக் என்றும் எழுதியோர் உண்டு. எழுத்துக்கூட்டலில் உடன்படாத நாம் அனைவரும் ஒரு செய்தியில் மட்டும் உடன்பட்டிருக்கிறோம். கவனிக்கப்படாத கவிஞர் ஒருவரைத் தேற்ற வேண்டி வரும்போது, "வான் கோவும் வாழ்ந்த காலத்தில் ஒரே ஓவியம்தானே விற்றார்" என்று சொல்லிவிடுகிறோம். இலக்கியக் கூட்டங்களில் தேநீர் இடைவேளையில் சொல்கிறோம், முன்னுரைகளில் எழுதுகிறோம், அஞ்சலிக் கட்டுரைகளிலும் அதுவே வந்து நிற்கிறது. நாமும் சொல்லியிருக்கிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

அந்தத் தேறுதல் வாக்கியத்தின்மீது நமக்கு ஐயம் எழுந்தது ஓவியங்களைப் பார்த்து அன்று. அந்தக் குடும்பப் பெயரின் வரலாற்றைப் பின்தொடர்ந்ததனால். பெயர் எங்கிருந்து வந்தது, யார் யார் அதைச் சுமந்தனர், அந்த ஓவியர் அதை ஏன் ஒதுக்கினார், ஒதுக்கப்பட்ட பெயர் எப்படி உலகப் பெயராயிற்று என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், நாம் இதுகாறும் சொல்லிவந்த கதையில் ஓர் ஆள் விடுபட்டிருப்பது தெரிகிறது. அந்த ஆளைப் பற்றியதே இக்கட்டுரை. ஆயினும் வரிசைப்படியே செல்வோம்.

முதலில் ஒலி. டச்சுக்காரர் வாயில் இப்பெயர் ஏறத்தாழ 'ஃபன் ஹோஹ்' என்று ஒலிக்கும். முதலிலும் இறுதியிலும் வருகின்ற அந்த ஒலி, தொண்டையின் அடியில் காற்று உராய்ந்து பிறப்பது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் நாவுக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொண்டனர். தமிழில் 'அகம்' என்று சொல்லும்போது இரண்டு உயிர்களுக்கிடையில் குழைந்து வரும் ககரம் அதற்கு ஓரளவு அணுக்கமானது. ஆனால் அவ்வொலி நமக்குச் சொல்லின் இடையில்தான் வரும்; முதலில் வராது. ஆகவே எந்த எழுத்துக்கூட்டலும் முழுமையாகச் சரியன்று. படிப்பவருக்குப் பழகியது என்பதனால் 'வான் கோ' என்பதையே இங்கு கொள்கிறோம். ஒலிச் சிக்கலை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. கதையின் நடுவில் அது திரும்ப வரும்.

அடுத்து, பொருள். டச்சு மொழியில் 'வான்' என்றால் 'இன்ன இடத்திலிருந்து' என்று பொருள். ஜெர்மானியரின் 'ஃபொன்' பெரும்பாலும் உயர்குடிப் பட்டத்தை உணர்த்துவது. அந்த நினைவில் டச்சுப் பெயர்களின் 'வான்' என்பதையும் பிரபுத்துவ அடையாளமாகக் கொள்வோர் உண்டு, அது பிழை. டச்சில் அது வெறும் வேற்றுமை உருபுக்கு நிகரான சொல். பண்ணையாளும் அப்பெயர் பூணலாம், படகோட்டியும் பூணலாம். அதனால்தான் நெதர்லாந்தில் பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது 'வான்' என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. வான் கோவை அவர்கள் 'வி' எழுத்தின்கீழ்த் தேடுவதில்லை, 'ஜி' எழுத்தின்கீழ்தான் தேடுவர். பக்கத்து நாடான பெல்ஜியத்தில் வழக்கம் வேறு. அங்கே 'வி'யின்கீழ் இருக்கும். முதற்பெயருடன் சேர்த்து எழுதும்போது டச்சுக்காரர் 'வான்' என்பதைச் சிறிய எழுத்தில் தொடங்குவர். குடும்பப் பெயரைத் தனித்து எழுதும்போது மட்டுமே பெரிய எழுத்து.

அப்படியானால் எந்த இடத்திலிருந்து? ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில், நீர்ஸ் என்னும் சிற்றாற்றங்கரையில், கோஹ் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. இன்று அது ஜெர்மனியில், டச்சு எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்த எல்லைக்கோடு பிற்காலத்தது. பெயர் பிறந்த காலத்தில் அவ்வூருக்கும் மேற்கே இருந்த ஊர்களுக்கும் இடையில் இன்றைய பொருளில் நாட்டு வேறுபாடு இருந்ததில்லை. பேச்சும் ஏறக்குறைய ஒன்றே. 'வான் கோ' என்பதன் நேர்பொருள் 'கோஹ் ஊரார்' என்பதே. நம்மூரில் மதுரைக்காரர், தஞ்சாவூரார் என்று சொல்வதுபோல.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுரையில் வாழ்பவரை மதுரையில் யாரும் மதுரைக்காரர் என்று அழைப்பதில்லை. அவர் வேற்றூருக்குக் குடிபெயர்ந்த பின்னரே அப்பெயர் அவருக்கு வாய்க்கிறது. அதை இடுவோரும் வேற்றூராரே. ஊர்ப்பெயரால் அமைந்த குடும்பப் பெயர் எதுவாயினும், அது ஊரைவிட்டு வந்தவனின் பெயர். கோஹ் நகரை விட்டுப் புறப்பட்ட ஒருவர் அல்லது சிலர், போய்ச் சேர்ந்த இடத்தில் 'அங்கிருந்து வந்தவர்' என்று அறியப்பட்டனர். திரும்பிப் போகாத பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

டச்சுக் குடும்பப் பெயர்களைப் பற்றிப் பேசும்போது நெப்போலியன் கதை ஒன்று தவறாமல் வரும். 1810இல் நெதர்லாந்தைத் தன் பேரரசோடு இணைத்துக்கொண்ட நெப்போலியன், 1811 ஆகஸ்ட் 18 அன்று ஓர் ஆணை பிறப்பித்தான். நிலையான குடும்பப் பெயர் இல்லாதோர் ஒன்றைத் தெரிவு செய்து பதிவு செய்ய வேண்டும் என்பது அவ்வாணை. அதை எள்ளுவதற்காகவே டச்சு மக்கள் 'அம்மணமாய்ப் பிறந்தவன்' போன்ற வேடிக்கைப் பெயர்களைப் பதிந்துவைத்தனர் என்றும், பிரெஞ்சு ஆட்சி போனபின் அவை போகாமல் நின்றுவிட்டன என்றும் சொல்வார்கள். சுவையான கதை, ஆயினும் பெரும்பகுதி கதையே. 'அம்மணமாய்ப் பிறந்தவன்' என்னும் அந்தப் பெயர் 1811க்கு முன்பே வழங்கியது என்பதைப் பெயராய்வாளர் காட்டியுள்ளனர். தந்தைபெயரை மட்டுமே தலைமுறைதோறும் மாற்றி மாற்றி இட்டுவந்த வடபகுதி மக்கள் பலருக்கு அவ்வாணை புதுப்பெயர் தந்தது உண்மை. ஆனால் மேற்கு மாநில நகரங்களில் பலருக்கும் அதற்கு வெகுகாலம் முன்பே குடும்பப் பெயர் நிலைத்துவிட்டது. வான் கோ என்பது அத்தகைய பழம்பெயர். சுவையான கதைக்காக உண்மையை விட்டுக்கொடுக்கும் பழக்கம் பெயர்களைப் பொறுத்தவரை எவ்வளவு எளிதாக நேர்கிறது என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

அக்குடும்பத்தின் வரலாற்றை முதன்முதலில் கோவையாக எழுதி அச்சிட்டவர் யோஹன்னா வான் கோ-பொங்கர். ஓவியரின் தம்பி தியோவின் மனைவி. 1914இல் அவர் வெளியிட்ட கடிதத் தொகுப்பின் முன்னுரையில் அது இடம்பெற்றிருக்கிறது. கோஹ் நகரிலிருந்தே பெயர் வந்திருக்கக்கூடும் என்று சொல்லித் தொடங்குகிறார். பதினாறாம் நூற்றாண்டிலேயே ஹாலந்தில் வான் கோக்கள் இருந்தனர் என்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் அப்பெயரில் சுட்ஃபன் நகரத்து நடுவர் ஒருவர், அரசத் தூதுக்குழுவில் சென்றவர் ஒருவர், சமயகுரு ஒருவர் எனச் சிலரை எடுத்துக்காட்டுகிறார். பெயர் ஒன்றாயிருப்பதனாலேயே குருதியும் ஒன்றாகிவிடாது என்பதை நாம் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட வெவ்வேறு குடும்பங்களுக்கும் ஒரே பெயர் அமையலாம்.

ஐயமின்றித் தொடரக்கூடிய வழி தி ஹேக் நகரில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே டாவிட் வான் கோ என்பவர் பொற்கம்பி இழுக்கும் தொழில் செய்தார். சரிகை வேலைக்கு வேண்டிய மெல்லிய இழையாகப் பொன்னை இழுக்கும் தொழில் அது. மூத்த மகனும் அத்தொழிலையே கொண்டார். இரண்டாம் மகன் சிற்பியானார். 1729இல் பிறந்த அவர் பெயர் வின்சென்ட். மணம் செய்துகொள்ளாமல் 1802இல் இறந்த அந்தச் சிற்பி, சேர்த்த பொருளைத் தமையன் மகனுக்கு விட்டுச்சென்றார். அந்தப் பணத்தின் துணையால் அடுத்த தலைமுறைப் பையன் ஒருவன் லைடன் பல்கலைக்கழகத்தில் சமயக்கல்வி பெற்றான். அவனுக்கும் பெயர் வின்சென்ட் (1789-1874). பிரெடா நகரில் புரோட்டஸ்டண்ட் சபைக் குருவாகப் பல்லாண்டு இருந்த அவரே ஓவியரின் தாத்தா. ஆக, அக்குடும்பத்தைக் கைத்தொழிலிலிருந்து கல்விக்கு உயர்த்தியது ஒரு சிற்பியின் சேமிப்பு. ஓவியரின் வாழ்க்கையைப் பேசும்போது இந்தச் செய்தியை எவரும் நினைப்பதில்லை.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது நமக்கு அயலான வழக்கமன்று. டச்சுக்காரருக்கும் அதுவே மரபு. 'பேரன்' என்ற சொல்லே அம்மரபிலிருந்து வந்ததென்று நாம் படித்திருக்கிறோம். அந்தப்படி வான் கோ குடும்பத்தில் வின்சென்ட் என்ற பெயர் மீண்டும் மீண்டும் வரும். ஓவியரின் தந்தை தியோடரஸ், தென்கோடிச் சிற்றூரான சுண்டர்ட்டில் சபைக்குருவாக இருந்தார். 1852 மார்ச் 30 அன்று அவருக்கு முதல் மகன் இறந்தே பிறந்தான். அக்குழந்தைக்கு வின்சென்ட் என்று பெயரிட்டுத் தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டில் அடக்கம் செய்தனர். சரியாக ஓராண்டு கழித்து, 1853 மார்ச் 30 அன்று அடுத்த மகன் பிறந்தான். அவனுக்கும் அதே பெயர். தன் பெயர் பொறித்த கல்லறையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த சிறுவன் என்று இதைக் கொண்டு எத்தனையோ பேர் உளவியல் மாளிகைகள் எழுப்பியிருக்கின்றனர். நாம் அவற்றில் குடியேற விரும்பவில்லை. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு இடுதல் அக்காலத்தில் பல குடும்பங்களில் நடந்தது. அவ்வாறு பெயர் பெற்ற எல்லோரும் சூரியகாந்தி வரைந்துவிடவில்லை.

குடும்பப் பெயர் அந்த ஓவியருக்குச் செய்தவற்றை எண்ணிப் பார்ப்போம். தந்தையின் உடன்பிறந்தோருள் மூவர் ஓவிய வணிகர். பெரியப்பா வின்சென்ட், ஓவியரின் தாய்க்கு உடன்பிறந்தவளையே மணந்தவர். பாரிசின் புகழ்பெற்ற கூப்பில் வணிக நிறுவனத்தில் பங்காளி. அவருடைய செல்வாக்கினால் 1869இல், பதினாறு வயதில், பையன் வின்சென்ட் அந்நிறுவனத்தின் ஹேக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தான். 1873இல் தம்பி தியோவும் அதே நிறுவனத்தின் பிரசெல்ஸ் கிளையில் சேர்ந்தான். அண்ணனை 1876இல் நிறுவனம் நீக்கியது, தம்பி நிலைத்தான். பின்னர் வின்சென்ட் தூரிகையைக் கையிலெடுத்த தொடக்கக் காலத்தில், 1882இல், ஹேக் நகரக் காட்சிகளை வரைந்து தருமாறு கேட்டுக் காசு கொடுத்தவர் ஆம்ஸ்டர்டாம் வணிகரான சித்தப்பா கோர்னெலிஸ். அவர் பெற்ற முதல் வேலைக்கட்டளையே 'வான் கோ' என்ற பெயருடைய ஒருவரிடமிருந்து வந்தது. 'ஒரே ஓவியம்' என்ற நம் தேறுதல் வாக்கியம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. 1890இல் பிரசெல்ஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டு, ஓவியர் அன்னா போக் 400 பிராங்குக்கு வாங்கிய 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' தான் அக்கதையின் மூலம். அது விற்றது உண்மை. ஆனால் அதற்கு எட்டாண்டுகள் முன்பே காசுக்கு வரைந்து கொடுத்தவர் அவர். தியோ மாதந்தோறும் பணமும் வண்ணங்களும் அனுப்பியதை எல்லோரும் அறிவோம்.

இவ்வளவு செய்த குடும்பத்தின் பெயரை அவர் ஓவியங்களில் இட்டதில்லை. 'வின்சென்ட்' என்று மட்டுமே கையொப்பமிட்டார். 1883 டிசம்பரில், நியூனன் ஊரிலிருந்த பெற்றோர் வீட்டிற்குத் திரும்பி அவர்களுடன் முரண்பட்டுக் கிடந்த நாட்களில், குணத்தால் தான் குடும்பத்தாரினின்று வேறுபட்டவன் என்றும், உள்ளபடி தான் ஒரு 'வான் கோ' அல்லன் என்றும் தம்பிக்கு எழுதினார். 1888 மார்ச்சில் ஆர்ல் நகரிலிருந்து எழுதிய கடிதத்தில் வேறொரு காரணம் சொன்னார். பாரிஸ் கண்காட்சிப் பட்டியலில் தன் பெயரை ஓவியத்தில் உள்ளவாறு வின்சென்ட் என்றே போட வேண்டும். ஏனெனில் இங்குள்ளவர்களால் அந்தக் குடும்பப் பெயரை உச்சரிக்க இயலவில்லை என்பது அதன் கருத்து. தொடக்கத்தில் ஒலியைப் பற்றி நாம் விரித்துச் சொன்னது இதற்காகவே.

இவ்விரு காரணங்களில் எது உண்மையானது என்று கேட்டால், இரண்டுமே என்போம். ஊரைவிட்டு வந்தவனுக்கு வந்த ஊரார் இடுவது ஊர்ப்பெயர் என்று மேலே கண்டோம். பிரான்சுக்குப் புலம்பெயர்ந்த இந்த வான் கோவுக்கு அங்குள்ளவர்கள் புதுப்பெயர் இடவில்லை. பழைய பெயரை அவர்கள் வாய் ஏற்கவுமில்லை. அப்பாவோடும் சித்தப்பா பெரியப்பாக்களோடும் தொடர்புடைய பெயரை விட்டுவிட அது அவருக்கு வாய்ப்பாகவும் அமைந்தது. அதற்காகப் பாசம் அற்றவர் என்று எண்ண வேண்டா. 1890 ஜனவரி 31 அன்று தியோவுக்கு மகன் பிறந்தபோது, அண்ணன் பெயரையே குழந்தைக்கு இட்டனர். ஓவியர் தாய்க்கு எழுதிய கடிதத்தில், தன் பெயருக்கு மாறாக அப்பாவின் பெயரை இட்டிருக்கலாமே என்று ஆதங்கப்பட்டார். எழுதிவிட்டு, அக்குழந்தையின் படுக்கையறைக்காக நீலவானப் பின்னணியில் பூத்த வாதுமைக் கிளைகளை வரையத் தொடங்கினார்.

அவ்வாண்டு ஜூலை 29 அன்று வின்சென்ட் இறந்தார். தியோ 1891 ஜனவரி 25 அன்று இறந்தார். குழந்தை வின்சென்டுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. நாம் சொல்லிவரும் கதை வழக்கமாக இங்கே முடிந்து, திரை விழுந்து, மீண்டும் உயரும்போது உலகமே அருங்காட்சியக வாயிலில் வரிசையில் நிற்கும். இடையில் நடந்தது என்ன? காலம் கண்திறந்தது என்போம். உண்மைக் கலை தானே வெல்லும் என்போம். காலத்துக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. கை யோஹன்னாவினுடையது.

1862இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யோஹன்னா பொங்கர் ஆங்கிலம் கற்று ஆசிரியப்பணி செய்தவர். 1889 ஏப்ரலில் தியோவை மணந்தார். தியோ இறந்தபோது மணவாழ்க்கைக்கு வயது இருபத்தொரு மாதம். இருபத்தெட்டு வயதுக் கைம்பெண்ணிடம் மிஞ்சியவை ஒரு கைக்குழந்தை, பாரிஸ் வீடு நிறைய யாரும் கேட்காத ஓவியங்கள், ஒரு மேசையறை நிறையக் கடிதங்கள். அவர் நெதர்லாந்துக்குத் திரும்பி, புஸ்ஸம் என்னும் ஊரில் தங்கும் விடுதி ஒன்றை நடத்திப் பிழைத்தார். அங்கேயே சுவர்தோறும் ஓவியங்களை மாட்டிவைத்தார். குழந்தையோடு இன்னொரு கடமையையும் தியோ தனக்கு விட்டுச் சென்றிருப்பதாக, வின்சென்டின் படைப்புகளை உலகம் காணவும் மதிக்கவும் செய்வதே அக்கடமை என்பதாக, தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

கலையுலகம் அவரை வரவேற்கவில்லை. ஓவியர் ரோலண்ட் ஹோல்ஸ்ட், இந்தப் பெண்மணியின் ஆர்வம் பள்ளிச்சிறுமியின் பிதற்றல் என்னும் பொருள்பட நண்பருக்கு எழுதினார். யோஹன்னா சலிக்கவில்லை. அதே ரோலண்ட் ஹோல்ஸ்ட் 1892இல் ஆம்ஸ்டர்டாமில் வின்சென்டின் கண்காட்சியை முன்னின்று அமைத்தார். பட்டியலின் அட்டைப்படத்தையும் அவரே வரைந்தார். வாடிச் சாய்ந்த சூரியகாந்தியும் அதனைச் சூழ்ந்த ஒளிவட்டமும் கொண்ட அப்படம் இன்றும் பேசப்படுகிறது. எள்ளியவரையே பணியாளராக்கிய அந்தத் திறம் குறித்து நாம் எத்தனை கட்டுரைகள் எழுதியிருக்கிறோம்?

அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்காட்சிகள். 1905இல் ஆம்ஸ்டர்டாம் நகர அருங்காட்சியகத்தின் கூடங்களை வாடகைக்குப் பெற்று 480க்கும் மேற்பட்ட படைப்புகளை அவரே காட்சிக்கு வைத்தார். விற்றவற்றை ஒரு கணக்கேட்டில் குறித்துவைத்தார். தியோ தொடங்கிய வீட்டுக் கணக்கேடு அது. எதை விற்பது, எதை விற்பதில்லை, எதை எந்த நகரத்துக்கு அனுப்புவது என்பதெல்லாம் அவருடைய தீர்மானங்கள். 1924இல் இலண்டன் தேசியக் கலைக்கூடத்திற்குச் 'சூரியகாந்தி' ஓவியத்தைக் கொடுத்ததும் அவரே. பிரிய மனமில்லாமல், வின்சென்டின் புகழுக்காகவே கொடுத்தார்.

இலக்கிய அன்பர்களாகிய நமக்கு இவை எல்லாவற்றினும் மேலானது அவர் செய்த பதிப்புப் பணி. நூற்றுக்கணக்கான கடிதங்கள், பலவற்றில் நாளிடப்படவில்லை. அவற்றைக் காலவரிசையில் அடுக்கி, படியெடுத்து, 1914இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஓவியங்களுக்கு மதிப்பு ஏற்படும் முன்னர் கடிதங்களை வெளியிடுவது முறையன்று என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். அதே ஆண்டில் தியோவின் உடலையும் ஓவேர் சிற்றூருக்குக் கொண்டுசென்று அண்ணனின் பக்கத்தில் அடக்கம் செய்வித்தார். பின்னர் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1925 செப்டம்பரில் அவர் இறந்தபோது அந்த வேலை கையில் இருந்தது.

அந்த 1914 பதிப்பு குறையற்றது என்று சொல்லமாட்டோம். குடும்பத்தாரைப் புண்படுத்தும் பகுதிகளை நீக்கினார். சில பெயர்களை மறைத்தார். சில நாட்களைப் பிழைபடக் கணித்தார். ஆராய்ச்சியாளர்கள் பதினைந்து ஆண்டுகள் உழைத்து 2009இல் ஆறு தொகுதிகளாக முழுப்பதிப்பு வெளியிட வேண்டியிருந்தது. ஆயினும் அவர் கட்டிக்காக்கவில்லையெனில் அவர்கள் திருத்துவதற்கு எதுவும் இருந்திராது. விமரிசனமும் நன்றியும் ஒரே இடத்தில் நிற்கக்கூடியவையே.

இனிப் பெயருக்குத் திரும்புவோம். டச்சுப் பெண்கள் மணத்திற்குப் பின் கணவர் பெயரை முன்னும் தம் பிறந்தவீட்டுப் பெயரைப் பின்னும் இட்டு, நடுவில் ஓர் இடைக்கோடு போடுவர். சட்டப்படி அவர்களுடைய பெயர் பிறப்புப் பெயரே. இடைக்கோட்டின் முன்னால் நிற்பது அவர்கள் விரும்பிச் சூடுவது. யோஹன்னா 1901இல் ஓவியர் யோஹன் கோஹன் கோஸ்ஹால்கை மறுமணம் செய்துகொண்டார். 1912இல் அவரும் இறந்தார். 1914இல் கடிதங்கள் அச்சேறியபோது நூலின் முகப்பில் நின்ற பெயர் 'யோ. வான் கோ-பொங்கர்'. பதினொரு ஆண்டு வாழ்ந்த இரண்டாம் கணவரின் பெயரை நீக்கிவிட்டு, இருபத்தொரு மாதம் வாழ்ந்த முதற்கணவரின் பெயரை மீண்டும் சூடிக்கொண்டார். இதைக் காதல் என்று சொல்லிக் கடந்துவிடலாம். நாம் அதைப் பணி என்று கொள்கிறோம். அண்ணன் வேண்டாமென்று விட்ட பெயரை, அப்பெயரில் பிறவாத ஒருத்தி எடுத்துச் சுமந்து உலகத்தின் வாயில் வைத்தார். உச்சரிக்க இயலாது என்று ஓவியரே கைவிட்ட பெயரை, பிழையாகவேனும், இன்று எல்லா மொழியாரும் உச்சரிக்கிறோம்.

அதே பெயரை உடைய பிறருக்கு அது ஒரே பலனைத் தரவில்லை. ஓவியரின் கடைசித் தங்கை வில்லமீன், 1898இல் ஹேக் நகரில் நடந்த மகளிர் தொழிற்கண்காட்சிக்காக உழைத்தவர். 1902 முதல் 1941இல் இறக்கும்வரை மனநல மருத்துவமனையில் வாழ்ந்தார். அவரை யாரும் மேதைமையின் பித்தென்று கொண்டாடவில்லை. யோஹன்னாவின் பேரன் தியோ, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் இருந்து 1945இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய பெயரைத் தாங்கிய அடுத்த தலைமுறைத் தியோ, திரைப்பட இயக்குநர். 2004 நவம்பர் 2 அன்று ஆம்ஸ்டர்டாம் தெருவில் கொலையுண்டார். வாதுமைப் பூக்களைப் பரிசாகப் பெற்ற குழந்தை வின்சென்ட் பொறியாளராகி, தாய் காத்த ஓவியங்களைச் சிதறவிடாமல் 1962இல் நாட்டுக்கு உரியதாக்கினார். அதன் பயனாக 1973இல் ஆம்ஸ்டர்டாமில் வான் கோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்ட ஓவியங்களும் ஏறத்தாழ ஐந்நூறு வரைபடங்களும் கடிதங்களில் பெரும்பகுதியும் அங்கே உள்ளன.

நம் கருத்து இதுதான். கவனிக்கப்படாத எழுத்தாளருக்கு வான் கோவைச் சொல்லித் தேற்றுவது பொய்யான தேறுதல். அது எழுதுகிறவருக்குப் பொய் நம்பிக்கை தருகிறது. அதைவிட மோசமாக, சுற்றியிருக்கும் நமக்குப் பொறுப்பிலிருந்து விடுதலை தருகிறது. காலம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டால் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா? நண்பர் ஒருவர் மறைந்தால் இரங்கற்கூட்டம் நடத்துகிறோம். அவருடைய கையெழுத்துப் படிகள் எந்தப் பரணில் இருக்கின்றன, கடிதங்கள் யாரிடம் உள்ளன, வீடு மாற்றும்போது அந்தப் பெட்டி என்னவாகும் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்மணியாக இருப்பார். அவரிடம் பேச நாம் நேரம் ஒதுக்குவதில்லை.

ஆகவே, அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போது, அதன் இடைக்கோட்டையும் அதற்குப் பின்னால் நிற்கும் 'பொங்கர்' என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்வோம். தேறுதல் சொல்வதற்கு முன், அந்த எழுத்தாளரிடம் படி ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வோம். வான்காவா வான் கோவா என்னும் வழக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.